காலித் தொட்டியில் ஜால்ரா

முதுகெலும்பு உள்ள உயிர் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது பட்டாசு. பட்டாசே நேரடியாக ஆராய்ந்து அறிவித்த உண்மை இது என்பதால் வேறு சாட்சி தேவையில்லை. மீனுக்கும் முதுகெலும்பு இருப்பதாகப் பள்ளிக்கூடப் புத்தகம் சொல்கிறதே என்று ஒருமுறை அவன் மைத்துனன் இழுத்தான். "அது முள்ளுடா" என்று பட்டாசு அந்த விவாதத்தை முடித்து வைத்தான்.

அறிவிப்பு வெளியான இடம், கடலோரச் சாலையின் கோடியில் இருக்கும் மீன் காட்சியகத்தின் பின்கட்டு. முன்பக்கம் பார்வையாளர்களுக்கானது: அரை இருட்டு, நீல விளக்கு, கண்ணாடிக்குப் பின்னால் பளபளக்கும் மீன்கள், எங்கிருந்தோ கசியும் இசை. பின்பக்கம் வேலை செய்கிறவர்களுக்கானது: ஈரத்தரை, ரப்பர் பூட்ஸ், உப்பு மூட்டைகள், பம்புகளின் ஓயாத உறுமல், குளித்தாலும் போகாத மீன் வாடை. பட்டாசுக்கு அங்கே இரை போடும் வேலை. கண்ணாடியை உள்பக்கம் தேய்ப்பதும், தொட்டிக் கற்களை எடுத்துக் கழுவித் திரும்ப அடுக்குவதும் அவன் பொறுப்பு. கோபப்படுவது பொறுப்பில் சேராது. அதை இலவசச் சேவையாகச் செய்துவந்தான்.

கோபப்படுவதற்கு அவன் ஆள் தராதரம் பார்த்ததில்லை, பட்டாசு என்ற பெயரே அதனால் வந்ததுதான். பம்ப் சத்தம் போட்டால் கோபம், போடாவிட்டால் அதைவிடக் கோபம். கண்ணாடியைத் தட்டும் குழந்தைகள், தட்டாதே என்று சொல்லாத பெற்றோர், சொல்லிவிட்டுத் தாங்களே தட்டும் பெற்றோர், எல்லோருக்கும் கிடைத்தது. மேலாளருக்கு முன்னால் மட்டும் அவன் கத்தி யாரும் கேட்டதில்லை. "அந்த ஆளுக்கு என் கோபத்தை வாங்கற தகுதியே இல்ல" என்று அதற்கும் விளக்கம் இருந்தது.

இருந்தாலும் அவன் கோபத்தின் பெரும்பங்கு ஒரே ஒரு மீனுக்குத்தான் போனது.

தவளைமீன் என்பது அதன் பலகைப் பெயர். கைமுட்டி அளவு. மீனுக்கு உரிய லட்சணம் எதுவும் அதனிடம் கிடையாது. செதில் இல்லை, உடம்பெல்லாம் மருவும் சுருக்கமும். பவளப்பாறையில் வளரும் ஆரஞ்சு நிறக் கடற்பஞ்சின் பக்கத்தில் உட்கார்ந்தால் அதே ஆரஞ்சு நிறம். பஞ்சில் இருக்கும் ஓட்டைகள் மாதிரியே உடம்பில் கரும்புள்ளிகள். துடுப்புகள் முழங்கை வைத்த கைகள் மாதிரி மடங்கும். நீந்துவது கௌரவக் குறைச்சல் என்பதுபோல அந்தக் கைகளை ஊன்றி நடக்கும், அதுவும் எப்போதாவது. செவுள் துளைகூட அக்குளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும், மூச்சு விடுவது வெளியே தெரியாமல். வாய் மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், யாரோ ஏதோ போடப்போகிறார்கள் என்று காத்திருக்கும் பாவனையில். நெற்றியில் ஒரு மெல்லிய தண்டு, அதன் நுனியில் புழு மாதிரி ஒரு சதைத் துணுக்கு. அதை மட்டும் மெல்ல ஆட்டும். ஏமாந்த சின்ன மீன் பக்கத்தில் வரும். அப்புறம் வராது. விழுங்கியதைக் கண் பார்த்திருக்காது. முன்பு மீன் இருந்தது, இப்போது இல்லை, அவ்வளவுதான்.

பட்டாசு அதற்கு 'ஜால்ரா' என்று பெயர் வைத்தான்.

"பக்கத்துல என்ன நிறம் இருக்கோ அதுதான் அதோட நிறம். ஆரஞ்சா? சரிங்க. மஞ்சளா? அப்படியே ஆகட்டுங்க. ஒரே இடத்துல உக்காந்து ஆமாம் சாமி போட்டுக்கிட்டே வாய்க்கு வர்றதை முழுங்குது. இதைப் பாக்க டிக்கெட் வேற. இந்த மாதிரி ஆளுங்களை நான் வெளியிலயே இலவசமாப் பாக்கறேன்."

வெளியிலும் இல்லை, வீட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். காட்சியகத்தின் டிக்கெட் கூண்டில் உட்காருகிறவன் அவன் மனைவியின் தம்பி. குடியிருப்பதும் அக்கா வீட்டில்தான். மேலாளர் சிரித்தால் அவனும் சிரிப்பான். மேலாளர் சிரிப்பை நிறுத்தினால் இவனுடையது பாதியில் நிற்கும். தினமும் சாயங்காலம் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பட்டாசு ஆரம்பித்துவிடுவான்.

"வாங்க ஜால்ரா நம்பர் டூ. இன்னைக்கு என்ன நிறம்?"

"மாமா, எனக்கு வேலை வேணும் மாமா" என்பான் மைத்துனன், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"வேலை வேணும்னா முதுகைக் கழட்டிக் குடுத்துடுவியா?"

"ஏங்க, அவன் சாப்பிடட்டும்" என்பாள் மனைவி. "உங்க முதுகெலும்பைக் கொஞ்சம் வளைச்சு அந்தத் தண்ணிக் குடத்தை எடுத்து வையுங்க."

ஆனால் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஜால்ராவைத் திட்டும் உரிமை தனக்கு மட்டுமே உண்டு என்று பட்டாசு நினைத்தான். பார்வையாளர் யாராவது "இது காலித் தொட்டி" என்று சொல்லிவிட்டால் போதும், இரைக்குச்சியோடு பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவான்.

"காலியா? எது காலி? உங்க மூக்குக்கு நேரா உக்காந்திருக்கு!"

"அது கல்லுங்க."

"கல்லுக்குக் கண்ணு இருக்குமா? பாருங்க. உங்களையேதான் பாக்குது. உங்களைப் பாத்து அதுக்கே போரடிச்சு கொட்டாவி விடுது!"

ஜால்ராவும் பெரிதாகக் கொட்டாவி விடும். பார்க்கிறவர்கள் அலறுவார்கள். பட்டாசு முகத்தில் தானே அந்த மீனைப் பெற்றெடுத்த திருப்தி தெரியும். "எந்த மீனும் என் கண்ணை ஏமாத்த முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போவான்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் உப்பு அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

உப்பு அக்கா, காட்சியகத்தின் தண்ணீருக்குப் பொறுப்பு. கடல்நீருக்கு உப்புக் கலப்பது, சூடு பார்ப்பது, பம்புகளைக் கவனிப்பது எல்லாம் அவர்தான். கண்ணாடிகள் லாரியில் வந்து இறங்கிய நாளிலிருந்து அங்கே இருக்கிறார். பம்ப் அறைக்கு மேலே இருக்கும் ஒற்றை அறையில்தான் குடியிருப்பு. வேலையோடு சேர்ந்து வந்த அறை அது. ஜால்ரா இருக்கும் பாறைத் தொட்டியில் வேலை செய்கிறவர்களுக்கு அவர் வைத்த சட்டம் ஒன்றுதான்: எந்தக் கல்லையும் தூக்குவதற்கு முன் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கல். மெத்தென்று இருந்தால் கையை எடு.

"குருடங்க செய்யற வேலை அக்கா அது" என்பான் பட்டாசு.

"செஞ்சா உன் விரல் தேஞ்சுடாது தம்பி."

பிரச்சினை மாடியிலிருந்து இறங்கி வந்தது. காலித் தொட்டிக்கு எதற்கு டிக்கெட் என்று கூண்டில் ஆட்கள் சண்டை போடுவது மேலாளர் காதுக்குப் போயிருந்தது. அவர் வந்து கண்ணாடிக்கு முன்னால் நின்றார். இடமும் வலமும் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"எங்க இருக்கு?"

"அதோ சார்" என்றார் அக்கா.

"எனக்கே தெரியலைன்னா ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? ஆரஞ்சு எல்லாத்தையும் எடுங்க. வெள்ளைக் கல்லு போடுங்க. வெள்ளையில ஆரஞ்சு பளிச்சுனு தெரியும்."

"கொஞ்ச நாளைக்குத் தெரியும் சார். அப்புறம் அதுவும் வெளுத்துடும். அதோட சுபாவம் அது."

"வெளுக்கக் கூடாதுன்னு பாத்துக்குங்க."

மீன் வெளுக்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர் சொல்லவில்லை, மாடியேறிவிட்டார். பட்டாசு வெள்ளைக் கற்களை அடுக்கினான். சில வாரங்கள் ஜால்ரா பளிச்சென்று தெரிந்தது, கூட்டம் கூடியது, மேலாளர் விருந்தாளிகளைக் கூட்டிவந்து காட்டினார். அப்புறம் அது ஓரங்களில் மங்கியது, மஞ்சளாகி, பழைய பல் நிறமாகி, கடைசியில் சுண்ணாம்பு பூசிய மாதிரி ஆனது. தொட்டி மறுபடியும் காலி.

மேலாளர் அதை நேரடி அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். "வேணும்னே பண்ணுதா இது? எல்லாத்தையும் தூக்கிட்டுக் கறுப்புக் கல்லு போடுங்க. இன்னைக்கே!"

அன்றைக்குப் பட்டாசு காட்டிய கோபத்தைப் பின்கட்டு அதுவரை பார்த்ததில்லை. மேலாளர் மாடிக்குப் போய்க் கதவு சாத்திய சத்தம் கேட்டதும் ஆரம்பித்தான். "நான் என்ன கொத்தனாரா? ஆரஞ்சு எடு, வெள்ளை போடு, வெள்ளை எடு, கறுப்பு போடு! அந்த ஆளு வீட்டுச் சுவருக்குப் போய் வண்ணம் அடிக்க வேண்டியதுதானே!" திட்டிக்கொண்டே இரண்டு கைகளாலும் வெள்ளைக் கற்களை வாரி வாளியில் போட்டான், வாளியைப் பின்கட்டு டப்பில் கவிழ்த்தான். மிச்சக் கற்களும் உயிரோடு இருக்கும் இரை இறாலும் கிடக்கும் பெரிய கறுப்பு டப் அது. எந்தக் கல்லையும் அவன் அழுத்திப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கிறவனுக்கு விரல்கள் எல்லாம் முஷ்டிக்குள் இருக்கும்.

அதே வாரம் ஒருநாள் மின்சாரம் போய் பம்ப் சிறிது நேரம் நின்றது. அக்கா ஓடிவந்து ஓட்டிவிட்டார். அதற்கப்புறம்தான் ஜால்ராவைக் காணோம் என்பது தெரிந்தது. பட்டாசு இரைக்குச்சியில் இறாலைக் குத்திக் கறுப்புக் கற்களுக்கு நடுவே நாள்தோறும் ஆட்டினான். இறால் அழுகியதுதான் மிச்சம்.

சில வாரங்கள் போனதும் மேலாளர் ஒரு முடிவுக்கு வந்தார். "பம்ப் நின்னுது, மீன் செத்துது. பம்ப் யார் பொறுப்பு?"

"செத்திருந்தா உடம்பு எங்க சார்?" என்றார் அக்கா.

"கரைஞ்சிருக்கும்."

"மீன் என்ன சார், சர்க்கரையா?"

இந்தப் பதில் மேலாளருக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை எல்லோரையும் வைத்துப் பேசி முடித்துவிடலாம் என்றார். எதை முடிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அன்று மாலை அக்கா பம்ப் அறை வாசலில் கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து பட்டாசு பார்த்ததே குறைவு.

"வேலை போனா ரூமும் போச்சு தம்பி. இந்த வயசுல என்னை எவன் எடுப்பான்? அதுகூடப் போகட்டும். நான் ஒரு மீனைச் சாகவிட்டேன்னு சொல்லி அனுப்பறான் பாரு, அதுதான் எரியுது."

பட்டாசு பற்றிக்கொண்டான். "அக்கா, நீங்க வாயே திறக்க வேணாம். நான் பேசறேன். மேசையைத் தட்டிப் பேசறேன். அந்தக் கட்டடமே அதிரணும். ஒரு ஆளாவது முதுகெலும்போட இருக்கான்னு தெரியட்டும்!"

அக்கா அவனை நிமிர்ந்து பார்த்தார். "ஒரே ஒரு வார்த்தை போதும் தம்பி. கட்டடம் எல்லாம் வேணாம்" என்றார். ஆனால் முகத்தில் கொஞ்சம் நிம்மதி வந்தது.

வீட்டிலும் அதே பிரகடனம். கூடத்தில் நின்று, மேலாளருக்குப் பதிலாகத் துணி அலமாரியைப் பார்த்து, ஒத்திகைகூட நடந்தது. அலமாரிக்குப் பதில் சொல்ல வாய் வரவில்லை.

"நீயும் பேசுவியாடா?" என்று மைத்துனனைக் கேட்டான்.

"நான் பேசி என்ன மாமா ஆகப்போகுது?"

"அதானே! நீ சுவரோட சுவரா ஒட்டிக்க. உன்னை யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. த்தூ! இந்த மாதிரி உசுரோட இருக்கிறதுக்குக் கடல்ல போய்க் கல்லாக் கிடக்கலாம்."

மைத்துனன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான்.

"ரொம்பப் பேசறீங்க" என்றாள் மனைவி.

திங்கட்கிழமை காலை பட்டாசு வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்தான். பேச்சுக்காக அல்ல, இன்னொரு கோபத்துக்காக. டப்பில் இருக்கும் இரை இறால் சில வாரங்களாகக் குறைந்துகொண்டே வந்தது. மைத்துனன்தான் திருடுகிறான் என்பது அவன் தீர்ப்பு. "உசுரோட இருக்கிற இறாலைத் திருடி நான் என்ன மாமா பண்ணுவேன், வளப்பேனா?" என்று அவன் கேட்டதை இவன் மதிக்கவில்லை. கையும் களவுமாகப் பிடிக்க வாளியைக் கவிழ்த்துப் போட்டு டப்பின் பக்கத்திலேயே உட்கார்ந்தான்.

தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் பழைய கறுப்புக் கற்கள். ஒரு மூலையில் அவன் கொட்டிய வெள்ளைக் கற்கள். ஒரு இறால் மீசையை ஆட்டிக்கொண்டு கறுப்புக் கற்களின் மேல் நடந்து வந்தது. எதற்கோ நின்றது. அதன் எதிரில் புழு மாதிரி ஏதோ நெளிந்தது. இறால் ஓரடி எடுத்து வைத்தது.

அப்புறம் இறால் இல்லை.

பட்டாசு கண்ணைக் கசக்கினான். கல் இறாலை விழுங்கியிருந்தது. விழுங்கிய கல் கைகளை ஊன்றி உட்காரும் நிலையைச் சற்றே மாற்றிக்கொண்டு, அவனை நேராகப் பார்த்து, கொட்டாவி விட்டது.

ஜால்ரா. கன்னங்கரேலென்று, கொழுகொழுவென்று. மேலாளரின் உத்தரவை அது தள்ளி இருந்தே நிறைவேற்றியிருந்தது.

ஒரு கணம் பட்டாசுக்குச் சந்தோஷம்தான். "அக்கா!" என்று கத்த வாயைத் திறந்துவிட்டான், கதவு வரைக்கும் போய்விட்டான். கதவுப் பிடியில் கை வைத்தபோதுதான் அடுத்த கேள்வி வந்தது. மீன் டப்புக்கு எப்படி வந்தது? நடந்தா வந்தது? யார் கொட்டினது? தொட்டுப் பார்த்தியா? எந்த மீனும் ஏமாற்ற முடியாத அந்தக் கண்ணை எங்கே வைத்திருந்தே? மைத்துனன் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்கிச் சிரிப்பது தெரிந்தது. அப்புறம் மேலாளரின் முகம் தெரிந்தது. அதில் சிரிப்பு இல்லை.

அவனுக்கு வந்த கோபம் முழுவதும் மீன்மேல் போனது. "திருட்டு ராஸ்கல்! என் கையில இருந்துக்கிட்டே கல்லு மாதிரி நடிச்சிருக்கே! ஒரு துடி துடிச்சிருக்கக் கூடாதா?"

ஜால்ரா துடிக்கவில்லை.

கதவுப் பிடியிலிருந்து கையை எடுத்தான். இப்போதே சொல்லி என்ன ஆகப்போகிறது? கூட்டத்தில், எல்லோர் முன்னாலும், தக்க தருணத்தில் சொல்வான். மேசையைத் தட்டிச் சொல்வான். அதுதான் முறை.

மேலாளரின் அறை புதிதாக வண்ணம் பூசியது. சாம்பல் நிறம், ஊழியர்களின் சீருடையும் அதே சாம்பல். சுவரோரப் பெஞ்சில் எல்லோரும் உட்கார்ந்தபோது தலைகள் மட்டும் வரிசையாக மிதந்தன. பட்டாசு மூலையில் உட்கார்ந்தான். அக்கா மட்டும் மேசைக்கு எதிரில் நின்றார்.

மேலாளர் சுருக்கமாகப் பேசினார். அரிய மீன். கவனக்குறைவு. வருத்தம்தான். மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்ய வேண்டும்.

"யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?"

அக்கா திரும்பவில்லை, ஆனால் அவர் காது மூலைப்பக்கம் இருப்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது. பட்டாசு மூச்சை இழுத்தான். அதை வெளியே விடுவதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல், பாதி உடைந்து, கேட்டது.

"சார்... ஒரு சந்தேகம்."

மைத்துனன். எழுந்து நின்றிருந்தான். முழங்கால் ஆடியது கால்சட்டைக்கு வெளியே தெரிந்தது.

"பம்ப் எல்லாத் தொட்டிக்கும் ஒண்ணுதானே சார்? மத்த மீன் எல்லாம் நல்லாத்தானே இருக்கு. இது ஒண்ணு மட்டும் எப்படி சார் செத்துது? அக்கா மேல தப்பு இருக்கற மாதிரித் தெரியல சார்."

மேலாளர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார்.

"டிக்கெட் கிழிக்கறவங்க மீனைப் பத்திப் பேச ஆரம்பிச்சாச்சா? உக்காரு. உன்னை அப்புறம் பாத்துக்கறேன்." பிறகு மூலைப்பக்கம் திரும்பினார். "இரை போடறவன் நீதானே? உனக்குத்தான் தெரியும். நீ சொல்லு. மீனை எங்கயாவது பாத்தியா?"

ஒரே ஒரு வார்த்தை. அக்கா இப்போது திரும்பிப் பார்த்தார். மைத்துனனும் பார்த்தான், மாமா வெடிக்கப்போகிறார், தன் தலை தப்பிக்கும் என்ற நம்பிக்கை அவன் முகத்தில் அப்பட்டமாக இருந்தது.

பட்டாசு முதுகைச் சுவரில் சாய்த்தான். சுவர் குளிர்ச்சியாக இருந்தது. உதடுகள் மேல்நோக்கிக் குவிந்தன. சிரிப்பா யோசனையா என்று சொல்ல முடியாத ஒரு வடிவத்தில். தலை ஒரு பக்கமாக, மிக மெல்ல, ஆடியது. ஆமா என்றும் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்றும் எடுத்துக்கொள்ளலாம். மேலாளர் தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டார்.

"அவ்வளவுதான். போகலாம்."

அக்கா பின்கட்டுக்கு வந்தபோது பட்டாசு டப்பின் பக்கத்தில் நின்றிருந்தான். அவர் பூட்ஸைக் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கையுறையை ஆணியில் மாட்டினார். கடைசியாக, எத்தனையோ வருடப் பழக்கத்தில், டப்பின் கற்களைச் சரிப்படுத்தக் கையை விட்டார். ஒரு கல்லை அழுத்தினார். அடுத்ததை அழுத்தினார். விரல் மூன்றாவது கல்லுக்கு நகர்ந்தது.

"அக்கா, அதைத் தொடாதீங்க" என்றான் பட்டாசு.

விரல் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. மெத்தென்று அழுந்தியது.

அவர் கையை எடுக்கவில்லை. தலையை மட்டும் தூக்கினார்.

"உனக்குத் தெரியும்."

பட்டாசு டப்பிலிருந்து ஓரடி பின்வாங்கினான்.

"தெரிஞ்சேதான் அங்க வந்து உக்காந்திருந்தே." அவர் குரல் உயரவில்லை, அதனால்தான் பம்ப் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "தினம் தினம் கத்துவியேடா. கொசு கடிச்சா கத்துவே. டீ ஆறிப்போனா கத்துவே. உன் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு என் காதே மரத்துப் போச்சு. ஒரு நாள், ஒரே ஒரு நாள், நீ கத்தியிருக்கணும். அன்னைக்குப் பாத்து வாயை எங்கடா அடகு வெச்சே?"

"அக்கா, நான் சொல்லத்தான்..."

"பேசாதே! இப்பப் பேசாதே! அந்தப் பையன், நீ தினம் காறித் துப்பற பையன், கால் நடுங்க நடுங்க எழுந்து நின்னான். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே நின்னான். எல்லாம் தெரிஞ்ச நீ சுவத்துல ஒட்டிக்கிட்டிருந்தே." ஈரக்கையால் டப்பின் விளிம்பை ஓங்கி அறைந்தார், தண்ணீர் இருவர் முகத்திலும் தெறித்தது. "இந்த மீனை ஜால்ரான்னியே! அது நிறம் மாறினா அதோட உசுரை மட்டும்தான் காப்பாத்திக்குது. அதுக்காக இன்னொருத்தியை வீட்டைவிட்டுத் துரத்தலடா!"

இறால் பிடிக்கும் குவளையில் தண்ணீரோடு ஜால்ராவை மெல்ல அள்ளினார். காட்சித் தொட்டிக்கு மேலே ஏறும் பலகையில் நின்று கறுப்புக் கற்களின் நடுவே இறக்கிவிட்டார். அது இரண்டு அடி நடந்து, ஒரு கல்லின் மேல் ஏறி, கல்லானது.

"நான் போய்ச் சொன்னா நானே ஒளிச்சு வெச்சு எடுத்து வந்தேன்னு சொல்லுவான். நீ சொன்னாத்தான் எடுபடும். இன்னும் ஒண்ணும் கெட்டுப் போகல. மாடிக்குப் போ. மீன் இருக்கு சார், நான்தான் பாக்காமக் கொட்டிட்டேன்னு சொல்லு. அவ்வளவுதான். மேசையைத் தட்டவே வேணாம்."

அக்கா கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். மேலே அறையில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

பட்டாசு போகத்தான் கிளம்பினான். முகத்தைத் துடைத்துக்கொண்டு, பக்கக் கதவைத் திறந்து, கண்ணாடிகள் வரிசையாக நிற்கும் கூடத்தைக் கடந்தான். மாடிப்படியின் அடியில் கால் வைத்தபோது மேலாளரே இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் ஒரு சாவிக்கொத்து.

"உன்னைத்தான் பாக்க வந்தேன். நல்லவேளை, நீயாவது தேவையில்லாமப் பேசல. அந்த மாதிரி ஆளுதான் எனக்கு வேணும்." பாறைத் தொட்டியின் முன்னால் நின்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தார். அவர் மூக்குக்கு நேராக, ஒரு விரல்கடைத் தூரத்தில், ஒரு கல் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "பம்ப் சாவி, மேல் ரூம் சாவி. இனிமே தண்ணியும் உன் பொறுப்பு. உன் வீட்டுல ஆளுங்க அதிகம்னு கேள்விப்பட்டேன். ரூமை வெச்சுக்க."

சாவிக்கொத்தை அவன் முகத்துக்கு எதிரில் நீட்டி, மெல்ல ஆட்டினார்.

"இந்தத் தொட்டியில பளபளன்னு சின்ன மீன் ரெண்டு டஜன் விட்டுடலாம்னு இருக்கேன். ஜனங்களுக்கு ஏதாவது தெரியணும்ல. காலியாத்தானே இருக்கு?"

பட்டாசு தொட்டியைப் பார்த்தான். ஜால்ரா கொட்டாவி விட்டது.

கை எப்போது நீண்டது என்று அவனுக்கே தெரியவில்லை. முன்பு சாவி அங்கே இருந்தது, இப்போது இல்லை.

"காலிதான் சார்" என்றான்.